ஐந்தாவது எண்: நிலநடுக்கச் சாவுக் கணக்கில் சாதி எங்கே இருக்கிறது?

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இரு பக்கமும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிந்து குவிந்தன. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, காந்தி நம் திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை ஒழிப்புப் பயணமாக அவர் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பீகாரில் நடந்தது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்குப் பாவ புண்ணியத்தைக் காரணம் காட்டுவது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று மறுப்பு எழுதினார். காந்தி அதை 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுத் தன் பதிலையும் சேர்த்தார்.

இந்த விவாதத்தை நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையே நடந்த வாதமாகத்தான் வழக்கமாகப் படிக்கிறோம். நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எளிமையானது. தீண்டாமைக்குத் தண்டனை என்றால், தீண்டாமைக்கு ஆளானவர்கள் மேலும் அதே சுவர் ஏன் விழுந்தது? பாவக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. வீட்டுக் கணக்கில் உண்டு. சுவர் எதனால் கட்டியது, கூரை எவ்வளவு கனம், அந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர், இடிபாட்டிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுத்தார்கள் என்று கேட்டால், யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்பது தெரிந்துவிடும். இந்த வீட்டுக் கணக்கு ஓர் அறிவியலாக வளர்ந்த கதையையும், அதில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் இங்கே பார்க்கலாம்.

எதற்காக இந்தக் கணக்கு?

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆனால் வந்த பிறகு, எத்தனை பேர் இறந்திருக்கக்கூடும், எத்தனை பேர் காயப்பட்டிருக்கக்கூடும் என்று சில நிமிடங்களில் தோராயமாகச் சொல்ல முடியும். அது ஏன் அவசரம் என்பதைச் சீனாவின் தாங்ஷான் நகரம் காட்டியது. 1976 ஜூலை 28 விடியற்காலையில் அங்கே நடந்த நிலநடுக்கத்தில் அரசுக் கணக்குப்படியே சுமார் 2,42,000 பேர் இறந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பிழைத்தார்கள். முதல் நாளுக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பிழைத்தார்கள். இரண்டாம் நாள் எடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சினார்.

ஆனால் அந்த முதல் நாளில்தான் தகவல் வராது. அதிகம் அடிபட்ட இடத்தில் தொலைபேசி செத்துப்போயிருக்கும், பாலம் உடைந்திருக்கும், செய்தி சொல்ல வேண்டிய தாசில்தாரும் மருத்துவரும் இடிபாட்டுக்குள் இருப்பார்கள். லேசாக அடிபட்ட ஊரிலிருந்து உடனே செய்தி வரும். அடியோடு அழிந்த ஊர் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் காத்திருந்து கேட்டால் ஆட்கள் செத்துவிடுவார்கள். ஆகவே கணக்குப் போட்டு, செய்தி வருவதற்கு முன்பே மருத்துவக் குழுவை அனுப்ப வேண்டும்.

குவாத்தமாலா சொன்ன பாடம்

பேரிடர்ச் சாவுகளைத் தொற்றுநோய்போல் ஆராய வேண்டும், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. தொழுநோய் ஆய்வில் பெயர்பெற்ற பெல்ஜிய மருத்துவர் மிஷேல் லெஷா 1973இல் இதற்கென்றே லூவேன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்.

1976 பிப்ரவரி 4 அதிகாலை 3 மணிக்குக் குவாத்தமாலாவில் நிலம் நடுங்கியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள், 76,000 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலைநாட்டில் வாழ்ந்த மாயா பழங்குடி மக்களும் நகரத்துச் சேரி மக்களும். வசதியானவர்களின் குடியிருப்புகளுக்குப் பெரிய சேதமில்லை. அதனால்தான் அதை 'வர்க்க நடுக்கம்' என்றே அழைத்தார்கள்.

மருத்துவ ஆய்வாளர்கள் ஒரே ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார்கள். 1977இல் 'சயின்ஸ்' இதழில் அந்த ஆய்வு வந்தது. அந்த ஊரில் நடந்த சாவுகளும் கடும் காயங்களும் எல்லாமே வெயிலில் காயவைத்த மண்கல் வீடுகளில்தான் நடந்திருந்தன. ஒரே ஊர், ஒரே நடுக்கம். ஆளைக் கொன்றது வீடு. 'இயற்கைப் பேரிடர்' என்று யாராவது பொதுவாகச் சொல்லும்போது நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு இது.

டயாலிசிஸ் இயந்திரம் எத்தனை?

கணக்கு வெறும் சாவு எண்ணிக்கைக்காக அல்ல. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நடந்த நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் கைகால் நசுங்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நசுங்கிய தசையிலிருந்து வெளியாகும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். இதற்குக் 'கிரஷ் சிண்ட்ரோம்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சில் சிக்கியவர்களிடம் இதைப் பார்த்து 1941இலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஆர்மீனியாவில் யாரும் தயாராக இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சர்வதேசச் சிறுநீரக மருத்துவர்கள் சங்கம் பேரிடர்களுக்கென்று தனிக் குழு அமைத்தது.

1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா பகுதியில் நிலம் நடுங்கியபோது அந்தக் குழு உடனே கிளம்பியது. அங்கே 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று முதல் நாளே தோராயமாகத் தெரிந்தால் இயந்திரம் வரும், ஆள் பிழைப்பார். தெரியாவிட்டால் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர் மருத்துவமனையில் சாவார்.

இறந்தவர் ஒருவருக்குக் காயப்பட்டவர் மூவர் என்று அந்தக் காலத்தில் ஒரு கணக்கு புழங்கியது. குவாத்தமாலாவுக்கு அது பொருந்தியது. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. கட்டடம், நேரம், மீட்பு மாறினால் கணக்கும் மாறும். ஆகவே இன்னும் நுட்பமான சூத்திரம் தேவைப்பட்டது.

ஐந்து எண்கள்

1992இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ கோபர்ன், ராபின் ஸ்பென்ஸ் ஆகியோர் அப்படியொரு சூத்திரத்தை முன்வைத்தார்கள். இடிந்து விழுந்த கட்டடங்களின் எண்ணிக்கையை ஐந்து எண்களோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒன்று, ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள். இரண்டு, அந்த நேரத்தில் அவர்களில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள். மூன்று, உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் சிக்கிக்கொண்டார்கள். நான்கு, சிக்கியவர்களில் எத்தனை பேர் உடனே இறந்தார்கள், மற்றவர்களுக்கு எவ்வளவு காயம். ஐந்து, உயிரோடு சிக்கிக் கிடந்தவர்களில் எத்தனை பேர் மீட்பும் சிகிச்சையும் கிடைக்காமல் பிறகு இறந்தார்கள்.

முதல் நான்கும் கல், மண், கடிகாரம் சம்பந்தப்பட்டவை. ஐந்தாவது எண் மனிதர்கள் சம்பந்தப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த அட்டவணையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். கல், செங்கல் வீடுகளின் இடிபாட்டில் 100 பேர் உயிரோடு சிக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரே செயலிழந்து, தோண்டி எடுக்க ஆளில்லை என்றால் அவர்களில் 95 பேர் இறப்பார்கள். ஊர் மக்கள் தாங்களே திரண்டு மீட்பில் இறங்கினால் அது 60 ஆகக் குறையும். 12 மணி நேரத்துக்குப் பிறகு அவசரகாலப் படை வந்து சேர்ந்தால் 50. 36 மணி நேரத்துக்குப் பிறகு தேர்ந்த மீட்பு வல்லுநர்களும் வந்தால் 45.

95 என்பது 60 ஆவது அக்கம்பக்கத்தாரால். 60 என்பது 45 ஆவது வெளியாட்களால். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் மோப்ப நாய்கள், ஹெலிகாப்டர்கள், வெளிநாட்டு முகாம்கள் எல்லாம் சேர்ந்து 15 பேரைக் காப்பாற்றும்போது, பக்கத்து வீட்டுக்காரர் 35 பேரைக் காப்பாற்றுகிறார். 1980இல் தெற்கு இத்தாலியில் நடந்த நிலநடுக்கத்தைப் பற்றி லெஷாவின் குழு செய்த ஆய்வும் இதையே சொன்னது: உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை முதல் நாளிலேயே வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி எடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

சூத்திரம் எழுதியவர்கள் 'ஊர் மக்கள்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் ஊர் என்பது ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஊரின் டிராக்டர் எந்தத் தெருவுக்கு முதலில் போகும்? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? ஒரே தண்ணீர் லாரி யார் வாசலில் நிற்கும்? ஐந்தாவது எண்ணைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தான். சாதி இருப்பதும் அந்த எண்ணில்தான்.

கில்லாரி: நிலம் வழியாக வந்த சாதி

1993 செப்டம்பர் 30 அதிகாலை 3:56. மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். பிள்ளையார் கரைப்பு முடிந்து அலுத்துப்போய் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுக்கத்தின் அளவு 6.2 மட்டுமே. ஆனால் 10,000 பேருக்கு நெருக்கமாக இறந்தார்கள். மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல்சுவர், மேலே மரச்சட்டம், அதன்மேல் வெயிலுக்கு அடக்கமாகக் கொட்டிய மண்கூரை. தூங்கியவர்கள்மேல் அத்தனையும் இறங்கியது.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு வேண்டும். கனத்த கல்வீடு கட்ட வசதியில்லாதவர்களின் கூரைக் குடிசையும் தகரக் கொட்டகையும் பல இடங்களில் ஆளைக் கொல்லவில்லை. ஆக, இடியும் அந்த நொடியில் தலித்துகள்தான் எப்போதும் அதிகம் சாவார்கள் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆதாரமில்லாத வாதம் நம்மைத்தான் பலவீனப்படுத்தும். சாதி வேலை செய்வது அந்த நொடிக்குப் பிறகு.

கில்லாரியில் அது எப்படி வேலை செய்தது? 52 கிராமங்கள் முழுதாக வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. உலக வங்கிக் கடனோடு நடந்த அந்தத் திட்டத்தில் வீட்டின் அளவை நிலத்தின் அளவு தீர்மானித்தது. நிலமற்றவருக்கும் மிகச் சிறு நிலம் உடையவருக்கும் 250 சதுர அடி. 7 எக்டேருக்கு மேல் வைத்திருந்தவருக்கு 750 சதுர அடி. சாதி என்ற சொல் அந்த விதியில் இல்லை. ஆனால் யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் இல்லை என்று கேட்டால் போதும். இடிந்து சமமாகிவிட்ட ஊரில் ஏற்றத்தாழ்வை அரசே மறுபடி அளந்து கட்டிக் கொடுத்தது.

கட்ச்: குறைத்துச் சொன்ன கணக்கு

2001 ஜனவரி 26 காலை 8:46. குஜராத்தின் கட்ச். குடியரசு நாள். அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தவர்களில் 185 பள்ளிக் குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் இருபக்கச் சுவர்களும் சரிந்து இறந்தார்கள். அன்று விடுமுறையாக இல்லாவிட்டால், குடியரசு நாள் ஊர்வலம் இல்லாவிட்டால், அவர்கள் வேறிடத்தில் இருந்திருப்பார்கள். சூத்திரத்தின் இரண்டாவது எண் என்றால் என்ன என்பது இதில் விளங்கும்.

முதல் மணி நேரங்களில் இந்திய வானிலைத் துறை சொன்ன அளவு 6.9. அமெரிக்க நிலவியல் துறை 7.9 என்றது, பின்னர் 7.7 என்று திருத்தியது. இந்த அளவுகோலில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். ஆக, 6.9 என்று கேட்டவருக்கும் 7.7 என்று கேட்டவருக்கும் மனத்தில் தோன்றும் பேரிடர் வேறு வேறு. அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்த காட்சிதான் முதலில் தொலைக்காட்சிக்கு வந்தது. அங்கே இறந்தவர்கள் சுமார் 750 பேர். கட்ச் பேசாமல் கிடந்தது. பூஜ் நகர அரசு மருத்துவமனையே நோயாளிகளோடு இடிந்துவிட்டது. கடைசியில் மாநில அரசின் கணக்கில் இறந்தவர்கள் 13,805 பேர். காயப்பட்டவர்கள் சுமார் 1,67,000 பேர். ஒன்றுக்கு மூன்று என்ற பழைய கணக்கு இங்கே ஒன்றுக்குப் பன்னிரண்டு ஆனது.

அதன் பிறகு நடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. நிவாரண முகாம்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. பணம் எல்லாருக்கும் சமமாக ஒதுக்கப்பட்டிருந்தாலும், ஆதிக்க சாதியினருக்குக் கிடைத்த கூடாரம், மின்சாரம், குடிநீர் ஆகியவை தலித்துகளுக்கும் இஸ்லாமியருக்கும் அதே அளவில் கிடைக்கவில்லை. காயம்பட்ட உடம்புக்குச் சுத்தமான தண்ணீர் என்பது மருந்துக்குச் சமம். புண் சீழ்பிடிப்பதும் கால் வெட்டப்படுவதும் இங்கே தீர்மானமாகிறது.

ஒரு சதுரக் கிலோமீட்டர்

2007இலிருந்து அமெரிக்க நிலவியல் துறை 'பேஜர்' என்ற அமைப்பைப் பொதுவில் நடத்திவருகிறது. உலகில் எங்கே பெரிய நிலநடுக்கம் நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் அறிக்கை வரும். 2010இலிருந்து அதில் சாவு மதிப்பீடும் நிறமாக வருகிறது. பச்சை என்றால் பயமில்லை; மஞ்சள் என்றால் 1 முதல் 99 சாவு; ஆரஞ்சு என்றால் 100 முதல் 999; சிவப்பு என்றால் 1,000க்கு மேல். கிஷோர் ஜெய்ஸ்வால், டேவிட் வால்ட் இருவரும் உருவாக்கிய மதிப்பீட்டு முறை அதற்கு அடிப்படை. 1973 முதல் 2007 வரை ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு நடுக்கத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பழைய கணக்கை வைத்து, புதிய நடுக்கத்துக்குக் கணிக்கிறார்கள்.

இது பெரிய முன்னேற்றம். ஓர் அரசாங்கம் சாவைக் குறைத்துச் சொல்லி மறைக்க முடியாதபடி, வெளியே ஒரு கணக்கு உடனே நிற்கிறது. ஆனால் மக்கள்தொகைக்கு அவர்கள் பயன்படுத்தும் வரைபடம், பூமியைச் சுமார் ஒரு கிலோமீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தது. அந்தக் கட்டத்தின் அளவை நம் கிராமத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஊரும் சேரியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். கட்டத்துக்கு 2,000 பேர் என்று இருக்கும். யார் 1,500, யார் 500 என்று இருக்காது. மருத்துவக் குழு அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. கட்டத்துக்குள் எங்கே வண்டியை நிறுத்தினார்கள் என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

நேபாளம்

2015 ஏப்ரல் 25, முற்பகல் 11:56. அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். பகல் நேரமாதலால் பலர் வயலில் இருந்தார்கள். சனிக்கிழமை அங்கே பள்ளி விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளிகள் காலியாக இடிந்தன. இரவிலோ வேறொரு கிழமையிலோ வந்திருந்தால் சாவு எத்தனையோ மடங்கு கூடியிருக்கும்.

அரசின் சேத மதிப்பீட்டில், இறந்தவர்களில் 55 விழுக்காட்டினர் பெண்கள். சேதமான வீடுகளில் 41 விழுக்காடு தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரியவை. ஓர் அரசு இப்படிப் பிரித்து எண்ணியதே பாராட்டத்தக்கது. ஆனால் எண்ணியது பிறகுதான். நிவாரணத்தில் தலித் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டதாக நேபாள தலித் அமைப்புகள் களத்திலிருந்து பதிவு செய்தன. வீடு கட்ட அரசு மானியம் அறிவித்தபோது நிலப்பட்டா கேட்டார்கள். நிலமில்லாத தலித்துகள் பட்டாவுக்கு எங்கே போவார்கள்? கில்லாரியில் நிலத்தின் அளவு கேட்டார்கள், நேபாளத்தில் நிலத்தின் காகிதம் கேட்டார்கள்.

நம் கையில் இருப்பது

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நடந்த நிலநடுக்கத்துக்குப் பசிபிக் சுனாமி மையம் முதலில் கொடுத்த அளவு 8.0, உண்மை 9.1. அந்தக் கடல் நம் நாகப்பட்டினம் வரை வந்தது. பிணங்களை அகற்ற வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். படகும் வலையும் இழந்தவர் பட்டியலில், படகே இல்லாத தலித் கூலிகளின் பெயர் பல இடங்களில் இல்லை. செத்தவரைத் தூக்க நாம் வேண்டும். பிழைத்தவர் பட்டியலில் நாம் வேண்டாம்.

அடுத்த ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 வந்தது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாவட்டத் திட்டத்தில் சேரி தனியாக எண்ணப்படாவிட்டால், பாகுபாடு நடந்தது என்று பிறகு எப்படி நிரூபிப்போம்?

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், சுவர் எது, கூரை எது, இரவில் எத்தனை பேர் உள்ளே தூங்குவார்கள், எழுந்து நடக்க முடியாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் கர்ப்பிணியும் எந்த வீட்டில், ஏற்கெனவே டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், ஆம்புலன்ஸ் எதுவரை வரும், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், கடப்பாரையும் மண்வெட்டியும் யார் வீட்டில் இருக்கின்றன. ஐந்து எண்களுக்கும் தேவையான விவரம் அவ்வளவுதான். நோயாளிகளின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கை ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வெள்ளம், புயல், நடுக்கம் எது வந்தாலும் அந்தத் தாள் பேசும்.

கூடவே இளைஞர்களுக்கு முதலுதவியும் மீட்பும் கற்றுக்கொடுங்கள். 95ஐ 60 ஆக்குவது பக்கத்து வீட்டுக் கைதான் என்று அட்டவணை சொல்கிறது. ஊரின் டிராக்டர் வரும்வரை நம் மக்கள் காத்திருக்கக் கூடாது. அது முதலில் யாரிடம் போக வேண்டும் என்ற கேள்வியையும் நாம் விடக் கூடாது. திருநெல்வேலியில் 1934இல் நம்மைப் பாவக் கணக்கில் சேர்த்தார்கள். நாம் கேட்பது வேறு கணக்கு: எத்தனை பேர், எந்தத் தெருவில், எத்தனை மணிக்குள் மருந்து.